வீட்டிலேயே 6 அடி மீன்தொட்டி கட்டலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் மாடி வீடு, வரவேற்பறையில் 6 அடித் தொட்டியை நானே கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டலாம். ஆனால் கண்ணாடி வாங்குவதற்கு முன் தரையைப் பாருங்கள்.

180×60×60 செ.மீ. தொட்டி 648 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 650 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 120 கிலோவை நெருங்கும். மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு சின்ன கார் அளவு எடை! மாடியில் வைப்பதென்றால் கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். கீழ்த்தளக் கான்கிரீட் தரை எனக்குப் பிடித்த இடம்.

கண்ணாடியை நெருக்கும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது, தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததல்ல. ஆனால் நீளம் கூடக் கூட கண்ணாடி நடுவில் வெளிப்பக்கம் வளையும். அதற்காகத்தான் மேல் விளிம்பில் உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டை ஒட்டுகிறோம்.

கண்ணாடிகளை ஒட்ட, மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கோன் பசைதான் வேண்டும். குளியலறை சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், மீனைக் கொல்லும். ஒட்டும் விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்தபின் விரல் படவே கூடாது. ஒரு வாரம் காயட்டும், புளித்த காடி வாசனை முழுக்கப் போகட்டும். பிறகு வெளியே, சமதளத்தில் வைத்து நிரப்பிச் சில நாள் கசிவு பாருங்கள்.

மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்பு ஒன்று அவசியம். நீண்ட நேரம் காற்று நின்றால் மீன் மட்டுமல்ல, ஃபில்டரில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நச்சைத் தின்னும் பாக்டீரியாவும் சாகலாம். அந்த பாக்டீரியா வளரவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதீர்கள்.