ஏரியின் அடிச்சேறும் மேல்தண்ணீரும்: கேள்வி பதில்

ஏரி, கண்மாய், அணைகளின் அடியில் படிந்த வண்டலுக்கும் மேலே நிற்கும் தண்ணீருக்கும் இடையே, பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஓயாமல் போய்வருகின்றன. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (மேட்டூர்): சார், எங்கள் அணையில் சில மாதங்களில் கரையோரம் பச்சைப் படலம் கட்டி நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. ஆற்றில் கலக்கும் கழிவுதான் காரணம் என்கிறார்கள். கழிவை நிறுத்தினால் அடுத்த வருடமே தெளிந்துவிடுமா?

கழிவை நிறுத்தியே தீர வேண்டும். ஆனால் அடுத்த வருடமே தெளியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அன்றிலிருந்து காவிரி கொண்டுவந்த வண்டல் அங்கே படிந்துகொண்டிருக்கிறது. களிமண் துகளோடு ஒட்டி வந்த பாஸ்பரஸ், செத்து மூழ்கிய பாசியில் இருந்த பாஸ்பரஸ் எல்லாம் அடியில்தான் சேர்கின்றன.

அதை அங்கே பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரும்பு. சேற்றின் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் இருக்கும்வரை இரும்பு துருவாக இருக்கும். துரு பாஸ்பேட்டை (பாஸ்பரஸ் தண்ணீரில் கரைந்திருக்கும் வடிவம்) இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் தீர்ந்தால், சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அந்தத் துருவையே சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. இரும்பு கரைகிறது, அது பிடித்திருந்த பாஸ்பேட்டும் தண்ணீருக்குள் வருகிறது. ஜெர்மனியில் ஐன்செலே 1936-லும், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் மார்ட்டிமர் 1941, 42-லும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். சேற்றில் கந்தகம் அதிகமிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கரைந்த இரும்பு கருப்பு சல்பைடாக மாட்டிக்கொள்ளும். ஆக்ஸிஜன் திரும்பி வந்தாலும் பாஸ்பேட்டைப் பிடிக்கப் போதிய இரும்பு மிஞ்சாது.

எத்தனை வருடம் ஆகும் என்பது ஏரிக்கு ஏரி மாறும். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரியில் 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். 1970களிலேயே தண்ணீர் தெளிந்துவிட்டது. அந்த ஏரியின் ஆழம் 60 மீட்டருக்கு மேல், அடியில் ஆக்ஸிஜன் முற்றிலும் தீர்ந்ததில்லை. ஆழமில்லாத, சேறு கனத்த ஏரிகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): குளிர்நாட்டு ஏரிகளில் வெப்ப அடுக்கு (சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் கலக்காமல் நிற்பது) உண்டாகும் என்று படித்தேன் சார். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் நம் ஊரில் அடியில் ஆக்ஸிஜன் எப்படித் தீரும்?

நம் ஊரில்தான் சீக்கிரம் தீரும் அம்மா. தண்ணீர் சூடாக இருக்கும்போது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கே அடர்த்தி நிறைய மாறும். 29-க்கும் 30-க்கும் இடையிலான அடர்த்தி வித்தியாசம், 9-க்கும் 10-க்கும் இடையில் இருப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆகவே மேல்தண்ணீர் ஓரிரு டிகிரி கூடினாலே கீழ்த்தண்ணீரோடு கலக்காமல் நிற்கும்; காற்றிலிருந்து வரும் ஆக்ஸிஜன் அடிக்குப் போய்ச் சேராது.

கையிருப்பும் குறைவு. 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். போதாக்குறைக்கு, சூட்டில் பாக்டீரியாவின் வேகமும் கூடும். பாடங்கள் ஐரோப்பிய ஏரிகளை வைத்தே எழுதப்படுவதால் இது நம் மாணவர்கள் கண்ணில் படாமல் போகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். வாய்ப்பிருந்தால் ஏப்ரல் மாதத்தில் ஓர் ஏரியில் மேலும் கீழும் ஆக்ஸிஜனை அளந்து பாருங்கள்.

கேள்வி (மீன் குத்தகைதாரர்): அண்ணே, ராத்திரி காத்தும் மழையும் அடிச்சா விடியக்காலையில மீனெல்லாம் செத்து மிதக்குது. யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னு ஊர்ல பேசறாங்க. நிஜமா அப்படித்தான் இருக்குமா?

மருந்தே இல்லை என்று நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் மழைக்கு மறுநாள் விடியற்காலை என்பது ஏரி புரண்டதற்கான அடையாளம். அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்காது. சேற்றிலிருந்து கசிந்த அம்மோனியாவும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். குளிர்ந்த மழையும் காற்றும் அதை மேலே கலக்கிவிடுகின்றன. இரவில் பாசியும் ஆக்ஸிஜனைத்தான் இழுக்கும் என்பதால் விடியும் நேரத்தில் அளவு மிகக் குறைந்திருக்கும். சாகுமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருந்தால் ஆக்ஸிஜன் பஞ்சம்தான். மேகமூட்டமான நாட்களில் தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருந்தால் நள்ளிரவுக்குப் பின் கட்டாயம் ஓடட்டும். யார்மீதும் பழி சொல்லுமுன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி (செங்கல்பட்டு): பாசிக்கு மருந்து தெளிக்கிறார்கள், நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றுகிறார்கள். பலன் உண்டா?

நாற்றம் சில நாள் குறையலாம். பாஸ்பரஸ் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. மயில்துத்தம் போட்டால் பாசி சாகும், மூழ்கும், அழுகும், இருந்த ஆக்ஸிஜனையும் தின்னும், பாஸ்பரஸ் மறுபடி மேலே வரும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப்பாசி என்றால் செத்து உடையும்போது உள்ளிருக்கும் நஞ்சும் தண்ணீரில் கலக்கும். குடிநீர் ஏரியில் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் நைட்ரஜன்?

அதற்கு வெளியேற வழி உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அதேபோல, சில நீலப்பச்சைப்பாசிகள் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளவும் செய்யும். 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்ற எண்ணுள்ள ஏரியை டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதிக்கு இவற்றோடு பாஸ்பரஸும் கொடுத்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையானது.

கேள்வி (விவசாயி, சிவகங்கை): கோடையில கண்மாய் வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்கிறோம். வயலுக்கு நல்லதுன்னு தெரியும். கண்மாய்க்கு?

கண்மாய்க்கும் நல்லது ஐயா. பாஸ்பரஸை உண்மையிலேயே ஏரியைவிட்டு வெளியேற்றும் வேலை அது. தண்ணீரோடு கொடுக்கல் வாங்கல் நடத்துவது பெரும்பாலும் சேற்றின் மேல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான். அதை எடுத்து வயலில் போட்டால் பயிர் சாப்பிடும்.

சுவீடனில் வேக்ஷோ நகரத்தின் ட்ரும்மன் ஏரி ஒரு நல்ல சாட்சி. 1950களின் பிற்பகுதியில் கழிவு நிறுத்தப்பட்டது. பத்து வருடம் கழிந்தும் ஏரி தேறவில்லை. 1970, 71-ல் ஆண்டுக்கு அரை மீட்டர் வீதம் அடிச்சேற்றை அள்ளினார்கள். அதன்பின்தான் தண்ணீர் தெளிந்தது. அள்ளிய சேறு நகரத்துப் பூங்காக்களுக்கு உரமாயிற்று. நம் முன்னோர் எந்தக் கழிவும் கலக்காத காலத்திலேயே வருடாவருடம் செய்த வேலை இது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பரப்பாக வழித்து எடுங்கள். ஓரிடத்தில் ஆளுயரக் குழி தோண்டினால் அந்தக் குழியிலேயே ஆக்ஸிஜன் தீர்ந்த தண்ணீர் தேங்கும். தோல், சாயப்பட்டறைக் கழிவு வந்த ஏரி என்றால் குரோமியம் முதலான உலோகங்களுக்குச் சோதிக்காமல் ஒரு கூடைகூட வயலுக்குப் போகக்கூடாது.

கேள்வி (கொழும்பு): பெய்ரா வாவிக்குப் படிகாரம் போட்டால் சரிவருமா ஐயா?

படிகாரத்தில் உள்ள அலுமினியம், ஆக்ஸிஜன் இல்லாவிட்டாலும் பாஸ்பேட்டை விடாது. அதனால்தான் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நகரத்துக் கழிவு வந்துகொண்டே இருந்தால் போட்ட அடுக்கின்மேல் புதுச் சேறு படிந்துவிடும். ஆழமில்லாத வாவியில் பாசி மதியத்தில் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். அதை அளக்கும் pH 9-க்கு மேல் போனால் அலுமினியமும் கரையத் தொடங்கும், இரும்பும் பாஸ்பேட்டை நழுவவிடும். முதலில் வடிகால்களைச் சரிசெய்யச் சொல்லுங்கள். படிகாரம் அதற்குப் பிறகு.

கேள்வி (பண்ணவாடி): மேட்டூர் அணை வற்றியதும் நந்தி சிலை தெரியும் இடம்வரை விவசாயம் செய்கிறோம். தண்ணீர் ஏறும்போது அந்த நிலத்துச் சத்து என்ன ஆகும்?

காய்ந்த சேற்றில் நுண்ணுயிர்கள் பெருமளவு செத்திருக்கும். மறுபடி நனையும்போது அந்தச் செல்களில் இருந்த பாஸ்பரஸும் நைட்ரஜனும் முதல் சில நாட்களிலேயே கரைந்துவிடும். நீங்கள் போட்ட உரத்தில் மிஞ்சியதும் அறுவடைக்குப் பின் விட்ட தாளும் அதோடு சேரும். எனவே கடைசி மேலுரத்தைக் குறைத்துப் போடுங்கள். தண்ணீர் ஏறுமுன் தாளை அறுத்து மாட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். டிஏபி உரத்தை மேலே தூவாமல் விதைக்கும்போதே மண்ணுக்குள் வைத்தால் உங்களுக்கும் மூட்டை மிச்சம்.