பூனை இறந்தது அவர் வீட்டில். படிவத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதியது நீங்கள்

கேள்வி (சுருக்கம்): சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். மகளின் பிரசவத்துக்காக ஜனவரியில் மெல்போர்ன் போனேன். ஆறு வயது ஆண் பூனை பட்டுவை, வேளச்சேரியில் தன் வீட்டிலேயே பூனைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் 16 நாளுக்கு விட்டேன். நாளுக்கு 850 ரூபாய், மொத்தம் 13,600 முன்கூட்டியே ஜிபே செய்தேன். ஏழாம் நாள் சிறுநீர் அடைத்துவிட்டது என்று கிளினிக்கில் சேர்த்தார். எட்டாம் நாள் இறந்துவிட்டான். பில் 21,300, அதில் 13,300 நான் கட்டினேன். என்னைக் கேட்காமல் தகனமும் செய்துவிட்டார். அன்று மாலையே மற்ற பூனைகளோடு சிரித்தபடி ரீல்ஸ் போடுகிறார். ஆத்திரத்தில் அவர் போட்டோ, போன் நம்பரோடு 'கொலைகாரி' என்று இன்ஸ்டாவில் போட்டேன். போஸ்டை எடுத்தால் 13,600ஐத் திருப்பித் தருகிறேன் என்கிறார். நான் கிரிமினல் கேஸும் போட்டு, 25 லட்சம் நஷ்டஈடும் கேட்க வேண்டும். இன்னொரு பூனையும் இருக்கிறது. ஏப்ரலில் மறுபடி பயணம்.

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். வழக்குக்கு வேண்டியதெல்லாம் அதோடு அனுப்பிய மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளில் இருக்கிறது. அவர் ரீல்ஸில் சிரித்ததும், உங்கள் மகன் இரண்டு நாள் சாப்பிடாததும் எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிற்காது. தகனத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரே நஷ்டம், போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் போனது. அதையும் கிளினிக்கின் கேஸ் ஷீட் ஓரளவு ஈடுகட்டும்.

சட்டம் பார்ப்பது 38 மணி நேரத்தை. ஐந்தாம் நாள் இரவு 9.40க்கு அவர் அனுப்பிய செய்தி: "லிட்டர் பாக்ஸ்லயே ரொம்ப நேரம் உக்காந்திருக்கான் மேடம், மோஷன் டைட் போல." கூடவே அந்த லிட்டர் பாக்ஸின், அதாவது பூனை கழிக்கும் மணல் தட்டின், ஒரு படம். மணல் வாரிவிட்ட மாதிரி சமமாகக் கிடக்கிறது, ஒரு கட்டி கூட இல்லை. ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டொனைட் களிமண் மணலில் நன்றாக இருக்கும் பூனை ஒரு நாளில் இரண்டு, மூன்று சிறுநீர்க் கட்டிகளாவது விட்டிருக்கும். பூனையைக் கிளினிக்கில் சேர்த்தது ஏழாம் நாள் காலை 11.40. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். முழுதாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் செயலிழக்கும், இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்து. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைப்பது வழக்கமான தவறு. ஆனால் காசு வாங்கிப் பூனை பார்ப்பவர் அதைச் செய்தால், அது சேவைக் குறைபாடு.

பூனையைப் பொருள் என்று சொல்வதற்குக் கோபப்படாதீர்கள். அந்தச் சொல்தான் இங்கே உங்களுக்குப் பலம். ஒருவரிடம் நம் உடைமையை ஒப்படைத்துத் திரும்பப் பெறுவது பெய்ல்மென்ட். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, தன் 163ஆம் பிரிவிலேயே பசுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போவதைத்தான் உதாரணமாகத் தருகிறது; இடையில் கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். 151ஆம் பிரிவுப்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்த உடைமையை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தேன் என்று நிரூபிக்கும் சுமை ஒப்படைப்பைப் பெற்றவர் தலையில். படிவத்தின் அடியில் இருக்கும் 'பூனைக்கு எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரி அவரைக் காப்பாற்றாது. நட்சத்திர ஹோட்டலில் சாவியை வாங்கிக்கொண்டு நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது.

இதுவரை படித்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப ஓடாதீர்கள். இனி வருவதுதான் முக்கியம்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருதரம் யூரின் அடைச்சு டியூப் போட்டாங்க, அப்புறம் நல்லாத்தான் இருந்தான்." அவருடைய கூகுள் படிவத்தில் 'ஏற்கெனவே இருந்த நோய்கள், சிகிச்சைகள்' என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியது: 'எதுவும் இல்லை'. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கப்போகும் முதல் காகிதம் இது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆம் பிரிவு, ஒப்படைப்பவர் தனக்குத் தெரிந்த குறையை, அது பெறுபவரை அசாதாரண ஆபத்தில் தள்ளும் என்றால், முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்கிறது. ஒருமுறை அடைத்த பூனைக்கு மறுபடி அடைக்க நிறைய வாய்ப்புண்டு. "தெரிந்திருந்தால் அன்றிரவே ஓடியிருப்பேன்" என்று அவர் பிரமாணப் பத்திரம் போட்டால், அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். அந்த 9.40 செய்திக்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் இமோஜியைத் தட்டிவிட்டிருக்கிறீர்கள். இந்திய நேரம் அதிகாலை 2.35, மெல்போர்னில் காலை 8.05. பிரசவ வீட்டு அலைச்சலில், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் போட்டிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆணையத்தில் அது இப்படித்தான் படிக்கப்படும்: அடைப்பு நோய் இருந்ததை அறிந்த ஒரே ஆள், பூனை முக்குகிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு 'சரி' என்றார். 38 மணி நேரத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. இப்படி வரும் கட்சிக்காரர்களில் பலர் விழும் குழி இதுதான். எதிராளியின் தவறை நிமிடக் கணக்கில் நிரூபிக்கச் சேர்த்த அதே ஆவணம், தங்கள் மௌனத்தையும் நிமிடக் கணக்கில் நிரூபித்துவிடுகிறது.

அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தாக்கல் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. முழு உரையாடலும் அவர் போனில் இருக்கிறது. உண்மையை மறைத்து வந்தவர் என்று பெயர் வாங்கினால் மீதி வழக்கும் சாயும். எதையும் அழிக்காதீர்கள், மறையும் செய்திகள் வசதியை அணைத்து வையுங்கள், அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்குச் சாட்சியச் சட்டம் 2023இன் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கப்பட்டால் மூலக் கருவி வேண்டும்.

கிரிமினல் கேஸ் நிற்காது. விலங்கைக் கொல்வதற்கான பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 325ஆம் பிரிவுக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ, தீங்கு விளையும் என்ற அறிவோ வேண்டும், கவனக்குறைவு போதாது. ஸ்டேஷனில் அதிகபட்சம் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான சீட்டு, கிடைக்கும். அதே நேரம், அவர் உங்கள் மீது புகார் கொடுத்தால் நிற்கக்கூடியது ஒன்று இருக்கிறது. 'கொலைகாரி' என்று படத்தோடும் போன் நம்பரோடும் போட்டது பி.என்.எஸ். 356, அவதூறு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவலுக்கு இடமுண்டு. இந்தச் சண்டையில் இன்றைய தேதிக்குக் கிரிமினல் ஆபத்து உங்கள் பக்கம்தான். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பேரம் முடியும்வரை காத்திராமல் இன்றே போஸ்டை எடுத்துவிடுங்கள்.

25 லட்சத்தை மறந்துவிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதிகார வரம்பு நீங்கள் செலுத்திய கட்டணத்தை, அதாவது 13,600ஐ வைத்து. கேட்கும் தொகையை வைத்து அல்ல. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தோன்றும். கொடுப்பதோ கட்டணம், மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஆணையம் நியாயம் என்று கருதும் ஒரு தொகை. அதிலும் உங்கள் பங்குக்குக் கழிவு விழும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். கேட்க வேண்டிய தொகை 26,900: அவர் தருவதாகச் சொன்ன 13,600, நீங்கள் கட்டிய கிளினிக் பில் 13,300. பேசப் போகும் முன் கிளினிக்கில் எழுத்து மூலம் கேட்டு, சேர்த்த நேரம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் அளவுகள், கதீட்டர் (சிறுநீர் டியூப்) போட்ட குறிப்பு இவற்றோடு கேஸ் ஷீட் நகலை வாங்கிவிடுங்கள். அது கையில் இருந்தால் அவர் இறங்கி வருவார். ஒப்பந்தத்தில், அவதூறு பற்றி இனி அவர் புகார் தர மாட்டார் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பணத்தைவிட இந்த வரிதான் பெரியது. பணம் வருவதற்கு முன் 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். குறிப்பில் 'ஃபுல் செட்டில்மென்ட்' என்று போட்டு ஜிபேயில் ஒரு பாதித் தொகை வந்து விழுந்தால், அன்றைக்கே 'இது பகுதித் தொகை மட்டுமே' என்று பதில் எழுதிவிடுங்கள். பேச்சு முறிந்தால் ஆணையம் இருக்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு, பேரத்துக்காக அது நிற்காது.

ஏப்ரல் பயணத்துக்கு இன்னொரு பூனையை விடும்போது, படிவத்தை நம்பாமல் தனியாக அரைப் பக்கம் எழுதி, பூனையைப் பார்த்துக்கொள்பவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பழைய நோய் ஒன்று விடாமல், ஒருதரம் வந்து போனதும் சேர்த்து. எந்த அறிகுறிக்கு உங்களைக் கேட்காமல் கிளினிக் போக வேண்டும்: 12 மணி நேரம் மணலில் கட்டி இல்லை, 24 மணி நேரம் சாப்பிடவில்லை. எந்தக் கிளினிக். உங்கள் சம்மதம் இல்லாமல் எவ்வளவு வரை செலவிடலாம், 15,000 என்றால் 15,000 என்று எண்ணாலும் எழுத்தாலும். மயக்க மருந்து கொடுக்க உரிமையாளர் சம்மதம் கேட்பார்கள், நீங்களோ விமானத்தில் இருப்பீர்கள்; அப்போது கையெழுத்துப் போட உள்ளூரில் ஒருவர் பெயரும் நம்பரும் அதில் இருக்க வேண்டும். அந்த நபரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.