வாங்கில் இருக்கும் மகள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். கணவர் கட்டாரில் வேலை. மகள் தரம் 10, அடுத்த வருடம் ஓ.எல். மூன்று வருடமாகக் கிழமைக்கு மூன்று நாள் பள்ளி முடிந்ததும் வலைப்பந்துப் பயிற்சி என்று நின்றுவிடுகிறாள். ஆனால் இன்றுவரை ஒரு போட்டியிலும் அவளை முழுதாக இறக்கவில்லை. எப்போதும் களத்துக்கு வெளியே வாங்கில்தான். ஸ்கோர் எழுதுகிறாள், மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உயரம் 5 அடி 1 அங்குலம். இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் மாதிரி வரப்போகிறாளா என்ன? டியூஷன் ஐந்து பாடத்துக்குப் போகிறாள், கணிதத்துக்கு மட்டும் இரண்டு இடம். அப்படியிருந்தும் போன தவணையில் கணிதம் 71இலிருந்து 54க்கு இறங்கிவிட்டது. வலைப்பந்தை விடு, நான் சேர்த்துவிட்ட இன்டராக்ட் (றோட்டரியின் மாணவர் கழகம்), விவாதக் கழகம், சுற்றாடல் கழகம், ஊடகக் கழகம் நான்கிலும் இரு, அவற்றுக்குச் சான்றிதழாவது கிடைக்கும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் உதவும் என்றேன். இரண்டு கிழமையாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்வது பிழையா?

ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பாதி பிழை. எந்தப் பாதி என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். டியூஷன் ஆறு வகுப்பு. ஒன்று இரண்டு மணித்தியாலம் என்று வைத்தாலும் கிழமைக்கு 12 மணித்தியாலம். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தை நான் சேர்க்கவில்லை. வலைப்பந்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் மூன்று நாளைக்கும் நாலரை. 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகளின் கிழமையில் அந்த நாலரை மணித்தியாலத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கதிரை மட்டும்தான்: பள்ளியில் கதிரை, டியூஷனில் கதிரை, வீட்டில் கதிரை. 17 புள்ளி குறைந்ததற்கு வலைப்பந்து காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? மூன்று வருடமாக விளையாடுகிற பிள்ளைக்கு போன தவணையில் மட்டும் ஏன் குறைந்தது? அந்த விடைத்தாளை இருவருமாக எடுத்துப் பாருங்கள். எந்தப் பகுதியில் போயிருக்கிறது என்று தெரியும். ஒரே கணக்கை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு வழியில் சொல்லிக்கொடுத்துக் குழம்பிய பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நிறுத்துவதென்றால் என் முதல் தெரிவு அந்த இரண்டாவது கணித வகுப்பு.

அடுத்தது சான்றிதழ். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் பாதித் தாய்மார் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். இங்குள்ள அரச பல்கலைக்கழகம் என்றால் பிள்ளையை உள்ளே எடுப்பது ஏ.எல் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இஸட் புள்ளி. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் இடம் நாடு முழுவதற்குமான தரவரிசையிலும் 55 வீதம் மாவட்ட ரீதியாகவும் போகிறது, மிச்சம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. விளையாட்டிலும் கலையிலும் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்த சிலருக்கு ஒரு சிறிய விசேட வழி உண்டு. நான்கு கழகங்களின் அங்கத்துவச் சான்றிதழ் அந்த இஸட் புள்ளியில் ஒரு தசமத்தைக்கூட ஏற்றாது.

சரி, வெளிநாடு? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குப் பொதுவாக ஒரு விண்ணப்பம் இருக்கிறது, ‘கொமன் அப்’ என்பார்கள். அதில் படிப்புக்கு வெளியே செய்ததை எழுத 10 இடம் இருக்கிறது. 10 இடத்தையும் நிரப்பக் கழகம் தேடி ஓடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் எந்தெந்த வகுப்பில் செய்தீர்கள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்தில் எத்தனை கிழமை என்று கேட்பதை நாம் கவனிப்பதில்லை. தரம் 7இலிருந்து விடாமல் நின்ற ஒன்றைப் பற்றிச் சொல்ல உங்கள் மகளுக்குக் கதை இருக்கிறது. ஊடகக் கழகத்தைப் பற்றி அவள் என்ன எழுதுவாள்?

நானும் பல வருடம் ஒரு பள்ளியில் கழகங்களுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவள், சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டே கை வலித்தவள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது எங்கள் மண்டபத்தில் பொதி கட்டினோம். முதல் வேலையாக பேனர் அடிக்கப்பட்டது. பொதி கொடுக்கும்போது எடுத்த படத்தில் 40 பிள்ளைகள் நின்றார்கள். கட்டும்போது எண்ணினேன், 11 பேர். அந்தப் 11இல் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, என்னிடம் வந்து, “மிஸ், அரிசி, பருப்பு எல்லாம் வைக்கிறோம், அடுப்பு நனைந்திருக்குமே, எதில் சமைப்பார்கள்?” என்று கேட்டாள். எனக்கும் அதுவரை தோன்றவில்லை. அன்று பின்னேரமே பொதிகளைப் பிரித்து பிஸ்கட்டும் தண்ணீரும் பெண்களுக்கு வேண்டிய பொருட்களும் வைத்தோம். வருட முடிவில் 40 பேருக்கும் ஒரே சான்றிதழ்தான் கொடுத்தேன். அது இன்றும் எனக்கு உறுத்தல்.

அதனால் நான்கு கழகங்களில் ஒன்று போதும், மூன்றை விடச் சொல்லுங்கள். எந்த ஒன்று என்பதை அவளே சொல்லட்டும். இன்டராக்ட்டைத் தெரிவு செய்தால் நல்லது என்பது என் ஆசை. றோட்டரி அந்தக் கழகங்களிடம் கேட்பதே வருடத்துக்கு இரண்டு திட்டம்தான், ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ உதவுவது, மற்றது வேறு நாட்டவரைப் புரிந்துகொள்ள உதவுவது. அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே ஒரு பிள்ளை நிறையப் பழகிக்கொள்ளும்: பட்ஜெட் போட, அதிபரிடம் அனுமதி கேட்க, வர மறுக்கிற தோழியை வரவைக்க. நம்முடைய பள்ளிகளில் இரண்டு கிழமைக்கு ஒன்று என்று நடத்தி, எதுவும் உருப்படியாக முடிவதில்லை.

இனி வாங்குக்கு வருவோம். வலைப்பந்தில் களத்தில் ஏழு பேர், அணியில் 12 பேர் வரை. வெளியே ஐந்து பேர் இருந்தே ஆகவேண்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இறக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒரு பிள்ளை மூன்று வருடம் போயிருக்கிறாள், ஸ்கோர் பிழைக்காமல் எழுதியிருக்கிறாள். அவளுக்கு அங்கே ஏதோ இருக்கிறது. தோழிகளாக இருக்கலாம், ஓடுகிற சுகமாக இருக்கலாம், யாரும் புள்ளி போடாத ஓர் இடமாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை.

ஆனாலும் வாங்கில் இருப்பதைப் பொறுமை, தியாகம் என்று நான் புகழப் போவதில்லை. நாம் பொறுமை என்று சொல்வது சில நேரம் கேட்கப் பயமாகவும் இருக்கும். மூன்று வருடத்தில் “மிஸ், நான் எதைத் திருத்தினால் என்னை இறக்குவீர்கள்?” என்று அவள் ஒருதரம் கேட்டிருக்கிறாளா? இல்லையென்றால் இப்போது கேட்கட்டும். நீங்கள் போய்க் கேட்காதீர்கள். அம்மா வந்து கேட்டால் அடுத்த போட்டியில் ஐந்து நிமிடம் இறக்குவார்கள், அதோடு அவள் மானம் போய்விடும். அவளே கேட்க வேண்டும். பதில் கசப்பாக இருந்தாலும் அவளுக்கு வந்த பதிலாக இருக்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டாலே மூன்று வருடமும் வீண் இல்லை என்பேன்.

உயரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். தர்ஜினி 2 மீற்றருக்கும் மேல் உயரம், இடமும் கோல் ஷூட்டர், அங்கே உயரம் பெரிய பலம். ஆனால் சென்டர் என்று ஓர் இடம் இருக்கிறது. இரண்டு கோல் வட்டங்களைத் தவிர மைதானம் முழுக்க ஓடலாம். பந்தைக் கையில் மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்க முடியாத விளையாட்டு இது, யாருக்கு எறிவது என்று கண் முதலே பார்த்திருக்க வேண்டும். அங்கே வேண்டியது கால் வேகமும் அந்தக் கண்ணும். மூன்று வருடம் வெளியே இருந்து விளையாட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குக் கண் நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் நடுவராகப் பழகலாம், ஸ்கோர் எழுதியவளுக்கு அது பாதித் தூரம்.

சான்றிதழ் ஆசை உங்களுக்குப் போகாது, தெரியும். அப்படியென்றால் எடின்பரோ கோமகன் விருது என்று ஒன்றை விசாரித்துப் பாருங்கள், இலங்கையில் தேசிய இளைஞர் விருது அதிகார சபை நடத்துகிறது. 14 வயதிலிருந்து வெண்கலப் படி செய்யலாம், குறைந்தது ஆறு மாதம். சேவை, ஒரு திறன், உடற்பயிற்சி, ஒரு பயணம் என்று நான்கு பகுதி. வலைப்பந்தே உடற்பயிற்சிப் பகுதிக்குக் கணக்கில் வரும், கழக வேலை சேவைக்கு. புதிதாக எங்கும் ஓட வேண்டியதில்லை.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றும் எனக்குக் கேட்டது. கணவர் தூரத்தில், இருட்டும் நேரத்தில் மகள் தனியாக வருகிறாள். கோபத்தின் அடியில் இருப்பது அந்தப் பயம் என்றால் அதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள், படிப்பின் பெயரில் சொல்ல வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் போகிற பிள்ளைகள் அந்த அணியில் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். மூன்று தாய்மார் ஒரு ஓட்டோவைப் பேசிக்கொண்டால் முடிந்தது. ஓ.எல் நெருங்கும் கடைசி இரண்டு மூன்று மாதம் பயிற்சியை ஒரு நாளாகக் குறைப்பது என்று இப்போதே இருவரும் பேசி முடிவெடுங்கள். அந்த நேரத்தில் திடீரென்று சொன்னால் மறுபடியும் இரண்டு கிழமை மௌனம்தான்.

அடுத்த போட்டி எப்போது என்று இன்று இரவு கேளுங்கள். உங்களுக்கு நேரம் கிடைத்தால் போங்கள். போகும்போது தோடம்பழம் வெட்டிக்கொண்டு போங்கள், 12 பேருக்கும் போதுமானதாக.