மழை விட்ட சாயங்காலம் எறும்புக்கு ஏன் இறக்கை?

கேள்வி: ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், எங்கள் முற்றத்து வேப்பமரத்தடியிலிருந்து இறக்கை வைத்த கட்டெறும்புகள் கூட்டமாகக் கிளம்பின. அதே நேரத்தில் எதிர்வீட்டிலும் அப்படித்தானாம். இது ஈசலா? எல்லாம் எப்படி ஒரே நாளில் கிளம்புகின்றன? மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: ஊற்றவே ஊற்றாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஈசல் இல்லை இது. நம் பக்கத்தில் அரிசியோடு வறுத்துத் தின்கிற ஈசல், கறையான் புற்றிலிருந்து வருவது. கறையான் கரப்பானுக்குச் சொந்தம். எறும்பு குளவிக்குச் சொந்தம். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பும் நூலாகச் சிறுத்திருக்கும்.

நீங்கள் பார்த்ததில் பெரியவை இளம் ராணிகள், சிறியவை ஆண்கள். அன்றைக்கு முளைத்தவை அல்ல. முன்னாலேயே வளர்ந்து புற்றுக்குள் காத்துக்கிடந்தவை. காய்ந்த நாளில் கிளம்பினால் ராணியின் உடம்பு வற்றிப்போகும், இறங்கினாலும் தரை தோண்ட முடியாதபடி இறுகிக்கிடக்கும். மழை பெய்து, காற்று அடங்கி, புழுக்கம் ஏறும் வேளைதான் தோது. அந்தத் தோது எதிர்வீட்டுப் புற்றுக்கும் அதே நேரத்தில்தானே வருகிறது! அப்படி வருவதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு புற்றில் பிறந்தவை எல்லாம் பெரும்பாலும் உடன்பிறப்புகள். பல புற்றுகள் ஒன்றாக வாசல் திறந்தால்தான் ராணிக்கு வேற்றுப் புற்று மாப்பிள்ளை கிடைப்பான். கரிச்சானும் பல்லியும் தவளையும் வயிறு முட்டத் தின்ற பிறகும் கொஞ்சம் மிஞ்சும்.

ஆண்கள் சீக்கிரமே செத்துப்போகும். ராணி கீழே இறங்கித் தன் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு, மண்ணில் சின்ன அறை தோண்டி வாசலை அடைத்துக்கொள்ளும். கட்டெறும்பு ராணிக்கு அதற்கப்புறம் வெளியிலிருந்து இரை கிடையாது. இனி வேண்டாத பறக்கும் தசையையே கரைத்து முதல் பிள்ளைகளை ஊட்டி வளர்க்கும். பாளையங்கோட்டையில் விலங்கியல் நடத்திய காலத்தில் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத பாடம் இது. பறந்த அன்றைக்கு ஆணிடம் வாங்கிய விந்துவைத்தான் ராணி ஆயுள் முழுக்க வைத்திருந்து செலவழிக்கும். ஐரோப்பாவின் கருப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று, வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது! முட்டையோடு விந்து சேர்ந்தால் பெண், சேராவிட்டால் ஆண். அதனால் ஆண் எறும்புக்கு அப்பா கிடையாது, தாத்தா மட்டும் உண்டு.

சரி, மண்ணெண்ணெய் விஷயம். வீட்டுக்குள் வந்தவை குடியேற வரவில்லை, வெளிச்சத்துக்கு வந்தவை. திண்ணை விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் கூட்டம் கலைந்துவிடும். பழைய ராணி புற்றின் ஆழத்தில் இருக்கும், மேலே ஊற்றுவது அதுவரை போகாது. உங்கள் வேப்பமரத்து வேருக்குத்தான் கேடு என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.