சேப்பிட்: சுவைக்கு ஓர் அரிய ஆங்கிலச் சொல்

கேள்வி: பழைய உடலியல் நூலொன்றில் ‘சேப்பிட்’ என்று பார்த்தேன். என்ன பொருள்?

பதில்: சுவை உடையது. ‘ரேப்பிட்’ போலவே உச்சரிக்க வேண்டும். லத்தீன் ‘சப்பிதுஸ்’ 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து இப்படி ஆனது. ‘டேஸ்டி’ என்றால் பாராட்டு. சேப்பிட் பாராட்டாகவும் வரும். ஆனால் அந்த மாதிரி நூல்களில், நாக்குக்குச் சுவை தட்டினாலே போதும், அது சேப்பிட். கசப்பு மருந்துக்கும் பொருந்தும்.

கேள்வி: ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்பதற்கும் இதற்கும் உறவு உண்டா?

பதில்: உண்டு, ஒரே வேர்தான். லத்தீனில் ‘சப்பெரே’ என்ற வினைக்குச் சுவைத்தல் என்றும் பொருள், பகுத்தறிதல் என்றும் பொருள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758-இல் மனித இனத்துக்குப் பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்டது இரண்டாவது பொருளை. ஸ்பானிய மொழியில் இரண்டும் இன்னும் பிரியவில்லை. ‘சாபே’ என்றால் ‘அவருக்குத் தெரியும்’. ‘சாபே ஆ சால்’ என்றால் ‘உப்புச் சுவை தெரிகிறது’. பாருங்கள், தமிழிலும் சுவை ‘தெரிகிறது’ என்றுதானே சொல்கிறோம்! நல்ல வாசகரைச் ‘சுவைஞர்’ என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

கேள்வி: ‘இன்சிப்பிட்’ இதன் எதிர்ச்சொல்லா? ‘வேப்பிட்’?

பதில்: முதலாவது, ஆமாம், சுவையற்றது என்று பொருள். முன்னொட்டு சேர்ந்ததும் லத்தீனில் ‘சப்’ என்பது ‘சிப்’ என்று திரிந்தது. மூலச்சொல் அரிதாகிவிட, எதிர்ச்சொல் நன்றாகப் புழங்குகிறது. வேப்பிட் (சாரமற்றது) வேறு குடும்பம். வீரியம் போன பானத்தைக் குறிக்கும் ‘வப்பிதுஸ்’ என்பதிலிருந்து வந்தது.

கேள்வி: ‘சாப்பிடு’ என்பதிலிருந்து சேப்பிட் பிறந்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: இல்லை. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் போதும். லத்தீனில் ‘சப்’ வேர். ‘இதுஸ்’ பண்பைக் காட்டும் விகுதி. ரேப்பிட், விவிட், லிக்விட் எல்லாவற்றிலும் அதே விகுதிதான். தமிழில் கடைசியில் நிற்பது ‘இடு’ என்ற வினை. கூப்பிடு, கும்பிடு போல. இரண்டு இடங்களிலும் வால் வேறு வேறு. ஒலியை மட்டும் நம்பினால், ‘சப்பென்று இருக்கிறது’ என்பதை என்ன செய்வது? அங்கே ‘சப்’ சுவை, இங்கே சுவையின்மை!

கேள்வி: கட்டுரையில் பயன்படுத்தலாமா?

பதில்: அறிவியல் கட்டுரை என்றால் தாராளமாக. சமையல் குறிப்பு என்றால் ‘சேவரி’ போதும். அதுவும் பிரெஞ்சு வழியாக வந்த அதே குடும்பத்துச் சொல்தான்.