தொடாமலே எரியுது டச் லைட்டு, என்ன காரணம்?

கேள்வி: அண்ணே வணக்கம். என் மகன் செக் டூ (உயர்நிலை ரெண்டு) படிக்கிறான். ராத்திரில எந்திரிச்சா மாமியார் சுவிட்சு தேடித் தடவுறாங்கன்னு அவங்க கட்டில் பக்கத்துல வைக்க சின்னதா ஒரு எல்இடி லைட்டு செஞ்சு குடுத்தான். 9 வோல்ட் பேட்டரி, ரெண்டு டிரான்சிஸ்டர், வெளியில ரெண்டு ஸ்க்ரூ. ரெண்டையும் சேத்து விரல வச்சா எரியும். மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப விடியக்காலைல யாரும் தொடாமலே மங்கலா எரியுது, பேட்டரியும் சீக்கிரம் தீந்துடுது. சர்க்யூட் தப்பா? – ஈசூன் வாசகி

பதில்: தப்பே இல்லம்மா, பையன் சரியாத்தான் செஞ்சிருக்கான். பாட்டிக்காக சால்டர் புடிச்ச கை, அவன விட்டுடாதீங்க.

அந்த லைட்டு எப்படி வேலை செய்யுதுன்னா, விரல வச்சதும் தோல் வழியா ரொம்ப ரொம்பக் கொஞ்சமா கரண்ட் போகும், அத ரெண்டு டிரான்சிஸ்டரும் பல ஆயிரம் மடங்கு பெருசாக்கி எல்இடிய எரிய வைக்குது. அவ்ளோ கொஞ்சம் கரண்டே போதும்ங்கறதுதான் இங்க பிரச்சினை. சிங்கப்பூர்ல சூரியன் வர்றதுக்கு முன்னாடி காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல போகும், மத்தியானம் மழை இல்லன்னா 60 கிட்ட எறங்கிடும். ஸ்க்ரூ ரெண்டுக்கும் நடுவுல ஏற்கெனவே விரல் வேர்வையோட உப்பு படிஞ்சிருக்கும், அதுல ஈரம் சேந்தா விரல் வச்ச மாதிரியே கரண்ட் போயிடும். அதான் விடியக்காலைல மட்டும் எரியுது. துணிய வச்சு தொடச்சா ரெண்டு நாள் தானா எரியாது, அப்புறம் பழையபடிதான்.

ஸ்க்ரூவக் கழட்டிட்டு டிடிபி223 (TTP223)னு ஒரு சின்ன டச் போர்டு போடச் சொல்லுங்க. நகத்தவிட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். விரல் கிட்ட வந்தா போர்டுல இருக்கற தகட்டோட கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தச் சேத்து வச்சுக்கற அளவு, லேசா மாறும், அதத்தான் அது பாக்குது, அதனால உலோகம் எதுவும் வெளியில தெரிய வேணாம், ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு உள்பக்கமா ஒட்டிட்டாலே போதும். காத்து ஈரம் மெதுவா ஏறி எறங்குறத சிப்பே சரி பண்ணிக்கும். ஆனா உலோக டப்பா ஆகாது.

போர்டுல ‘A’, ‘B’ன்னு ரெண்டு சின்ன இடம் இருக்கும். ‘B’ இடத்த சால்டர் வச்சு இணைச்சாத்தான் ஒரு தட்டுக்கு எரிஞ்சு, அடுத்த தட்டுக்கு அணையும், இல்லன்னா பாட்டி கைய எடுக்காம புடிச்சிட்டே இருக்கணும். 9 வோல்ட் பேட்டரி கூடவே கூடாது, சிப் 5.5 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். மூணு டபுள் ஏ அல்கலைன் போடுங்க, 4.5 வோல்ட் வரும். ரெண்டு போட்டா 3 வோல்ட்தான், வெள்ளை எல்இடிக்கே கிட்டத்தட்ட அவ்ளோ வேணும், சீக்கிரம் மங்கிடும்.

ஒண்ணு முக்கியம்: எல்இடிய நேரா போர்டுல மாட்ட வேணாம், அதால சில மில்லி ஆம்பியர்தான் குடுக்க முடியும். டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர்னு மூணு கால். போர்டுலேர்ந்து சிக்னல் வெளிய வர்ற ஐஓ (I/O) பின்லேர்ந்து 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் வழியா 2என்2222 (2N2222) டிரான்சிஸ்டரோட பேஸுக்கு, எமிட்டர் பேட்டரி மைனஸுக்கு, எல்இடிங்களோட மைனஸ் கால் கலெக்டருக்கு. பிளஸ் பக்கம் ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியா 100 ஓம். ஒண்ணுக்கு 13 மில்லி ஆம்பியர் வரும், மூணு எல்இடி போட்டா மொத்தம் 40. தினமும் கால் மணி நேரம் எரிஞ்சா நாலஞ்சு மாசம் ஓடும், சும்மா இருக்கறப்ப சிப் எடுக்கறது மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். டப்பாவ வைக்க வேண்டிய எடத்துல வச்சுட்டுக் கடைசியா பேட்டரி போடுங்க, கரண்ட் வந்ததும் சுத்தியிருக்கறத அளந்துக்கும், அந்த ஒரு செகண்ட் கை வைக்காதீங்க.

சாமான் எல்லாம் ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர்ல கெடைக்கும், கம்ப்யூட்டர் விக்கிற சிம் லிம் ஸ்கொயர் இல்ல, அதுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றவங்க நெறைய பேரு.

கேள்வி: இதே மாதிரி லைட்டுக்கு பேட்டரிக்கு பதிலா பவர்பேங்க் மாட்டலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மாட்டலாம், ஆனா பெரும்பாலான பவர்பேங்க் இவ்ளோ கம்மியா கரண்ட் எடுத்தா போன் சார்ஜ் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுத் தானா ஆஃப் ஆயிடும், அப்புறம் தொட்டாலும் எரியாது. டபுள் ஏவே போதும். தீந்த பேட்டரிய வீட்டுக் குப்பைக் குழாய்ல போடாதீங்க, பேட்டரிக்குன்னு வாய் வச்ச மின்கழிவுத் தொட்டி பல சமூக மன்றங்கள்ல இருக்கு.