இருபது பக்கத்தோடு நின்றுபோகும் புத்தகங்கள்

கேள்வி: சின்ன வயதில் சோறு தண்ணி மறந்து படித்தவள் நான். இப்போது வயது 44. ஜனவரி வந்தால் நந்தனம் புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்குகிறேன். எதுவும் இருபது பக்கம் தாண்டுவதில்லை. போன மாதம் மாமியார் வீட்டுப் பரணில் பழைய அம்புலிமாமா கட்டு ஒன்று கிடைத்தது. ஆசையாய்ப் பிரித்தேன், சப்பென்று இருந்தது. படிக்கும் ருசியே போய்விட்டதா? பத்து வயது மகளுக்கு எதைக் கொடுப்பது?
— வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, ருசி போயிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. நீங்கள் படிக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

உங்கள் மாமியாரிடம் தொடர்கதை படித்த காலத்தைப் பற்றிக் கேளுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950-ல் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வாரா வாரம் வந்தது. ஒரு வாரத்துக்குச் சில பக்கங்கள், அவ்வளவுதான். மிச்ச நாளெல்லாம் திண்ணையிலும் குழாயடியிலும் அதே பேச்சு. பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் எத்தனை! அப்படியொரு தொகுப்பைப் புரட்டினால் கதைக்கு நடுவே பாதியில் அறுந்த துணுக்கும், தைல விளம்பரமும் கூடவே வரும். அட்டை முனை மழுங்கியிருக்கும். எத்தனை கை பட்டது என்று அதுவே சொல்லும். இவ்வளவு பெரிய நாவலை ஒரு தலைமுறையே துண்டு துண்டாகத்தான் படித்தது. இருபது பக்கத்தில் புத்தகத்தை மூடி வைப்பதில் தப்பே இல்லை. மறுநாள் எடுக்கத் தோன்றாமல் போவதற்குக் காரணம், அதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லாததுதான் என்பது என் எண்ணம். வாங்கியதில் ஒன்றை மட்டும் எடுங்கள். தினம் ஒரு அத்தியாயம் போதும். படித்ததை ராத்திரி சாப்பிடும்போது கதையாகச் சொல்லுங்கள். மற்றவை அலமாரியில் இருக்கட்டும், அவற்றைப் பார்த்துக் குற்ற உணர்வு வேண்டாம்.

அம்புலிமாமா விஷயத்துக்கு வருகிறேன். 1947-ல் தொடங்கிய அந்த இதழில் வேதாளக் கதைதான் பலருக்கும் உயிர். ஓவியர் சங்கர் வரைந்த படத்தை நினைத்துப் பாருங்கள்: கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். வேதாளம் கதை சொல்லி முடித்துக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். சின்னப் பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். ராஜா என்ன சொல்வார், யார் செய்தது நியாயம் என்று தானே யோசித்த பிறகுதான் அடுத்த பத்திக்குப் போகும். நாம் பெரியவர்களானதும் கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் படித்துவிடுகிறோம், சப்பென்றுதானே இருக்கும்? அந்தக் கட்டிலிருந்து ஒரு வேதாளக் கதையை எடுத்து மகளுக்கு வாய்விட்டுப் படியுங்கள். கேள்வி வந்ததும் இதழை மூடிவிடுங்கள். அவள் ஒரு நியாயம் சொல்வாள், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், மாமியார் மூன்றாவதாக ஒன்று சொல்வார். சண்டை போட்டு முடித்த பிறகு விக்கிரமாதித்தனின் பதிலைப் படியுங்கள். ருசி இருக்கிறதா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

அதற்காக, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் அவளுக்கும் பிடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் சின்ன வயதில் யாராவது பட்டியல் போட்டா கொடுத்தார்கள்? கையில் கிடைத்ததைப் படித்தீர்கள். அவளுக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். பக்கத்துக் கிளை நூலகத்தில் அவளை உறுப்பினராக்குங்கள். விடுமுறை நாளில் எழும்பூர் கன்னிமாராவுக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ கூட்டிப்போய், குழந்தைகள் பகுதியில் விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். காமிக்ஸோடு வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்த காலம் தொட்டு, காமிக்ஸில் தொடங்கிப் பெரிய நாவல்களுக்குப் போனவர்கள் நம் ஊரில் ஏராளம். பாதியில் வைத்துவிட்டாலும் ஏன் என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் வேறொன்று எடுத்துக்கொள்ளட்டும்.